அரட்டையும் இருக்கட்டும், வாசிப்பும் இருக்கட்டும்: பெண்கள் சங்கக் கூட்டம் பத்தி வாசகிகள் கேள்விகள்

போன இதழ்ல, கிராமத்துப் பெண்கள் மாசத்துக்கு ஒரு தடவை கூடி பேசுறது படிக்கிறதுன்னு நடத்துற சங்கங்களைப் பத்தி ரெண்டே ரெண்டு பத்திதான் எழுதினோம், அதுக்கு இத்தனை கேள்வி வரும்னு எதிர்பார்க்கல. சிலர் ஏற்கெனவே நடத்துறவங்க, சிலர் ஆரம்பிக்கலாமான்னு யோசிக்கிறவங்க, ஒருத்தங்க வீட்டுக்காரர் விட மாட்டேங்கிறாருன்னு ரெண்டு பக்கத்துக்கு எழுதியிருக்காங்க. எல்லாத்துக்கும் இடம் பத்தாது, முக்கியமானதை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

அக்கா, நாங்க புத்தகம் பேசத்தான் கூடுறோம். ஆனா அஞ்சே நிமிஷத்துல மாமியார் கதை, பிள்ளைங்க பரீட்சை, யாருக்கோ கல்யாணம்னு போயிடுது. இந்த அரட்டையை எப்படி நிறுத்துறது?

நிறுத்தாதீங்கம்மா, அதை நிறுத்தினா அடுத்த மாசம் பாதிப் பேர் வரமாட்டாங்க. தோட்டம், மாடு, சமையல், பிள்ளைன்னு மாசம் பூரா ஒரே வீட்டுக்குள்ள இருந்துட்டு வர்றவங்களுக்கு இன்னொரு மனுஷியோட முகத்தைப் பார்த்துப் பேசுறதே பெரிய விஷயம். ஆஸ்திரேலியாவுல 1922ல நியூ சவுத் வேல்ஸ்ல ஆரம்பிச்ச நாட்டுப்புறப் பெண்கள் சங்கம், கன்ட்ரி விமன்ஸ் அசோசியேஷன்னு சொல்லுவாங்க, அவங்க தொடக்கத்துல செஞ்ச வேலைகள்ல ஒண்ணு என்ன தெரியுமா, சின்ன டவுன்கள்ல பெண்களுக்கு ஓய்வு அறை கட்டினது. ரொம்ப தூரத்துப் பண்ணையிலிருந்து கைக்குழந்தையோட டவுனுக்கு வர்ற அம்மா உட்கார, பால் கொடுக்க ஒரு இடம், அவ்ளோதான். தனிமைதான் அவங்க முதல் எதிரியா இருந்துச்சு, இலக்கியம் எல்லாம் பின்னாடி.

அதனால அரட்டையை ஒழிக்காதீங்க, அதுக்குன்னு ஒரு இடம் ஒதுக்கிக் கொடுங்க. வந்ததும் ஒரு இருபது நிமிஷம் யாரையும் உட்காருன்னுகூட சொல்லாதீங்க, பேசிக்கட்டும். அப்புறம் தலைவி மணி அடிச்சாலும் சரி, மேசையைத் தட்டினாலும் சரி, அங்கிருந்து ஒரு மணி நேரம் கூட்டம். அது முடிஞ்சா டீ, அப்ப மறுபடி அரட்டை. முன்னாடி பேசித் தீர்த்தவங்க நடுவுல அமைதியா இருப்பாங்க, பாக்கி வச்சவங்க டீக்காகக் காத்திருப்பாங்க. இந்த வரிசையை மட்டும் எந்த மாசமும் மாத்தாதீங்க, ரொம்ப நல்லா அரட்டை போயிட்டிருக்கேன்னு ஒரு மாசம் விட்டீங்கன்னா அப்புறம் அந்த ஒரு மணி நேரத்தைத் திரும்பப் பிடிக்கவே முடியாது.

இருபது பேர் வர்றாங்க, பேசுறது நாலு பேர்தான். மத்தவங்க வாயே திறக்கிறதில்ல. "நீங்க சொல்லுங்க"ன்னு கேட்டா சிரிச்சுட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிறாங்க. என்ன பண்றது?

வந்த கடிதங்கள்லயே நல்ல கேள்வி இதுதான். அமெரிக்கக் கிராமங்கள்ல பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில பெருகின பெண்கள் கிளப்புகள் இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சு வச்சிருந்தாங்க, ரோல் கால். ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரி செயலாளர் ஒவ்வொரு பேரா கூப்பிடுவாங்க, ஆனா "உள்ளேன்"னு சொல்லக் கூடாது. அந்த மாசத்துக்குன்னு ஒரு விஷயம் முன்னாடியே முடிவாகியிருக்கும், ஒரு கவிதை வரி, ஒரு பழமொழி, சின்ன வயசுல விளையாடின விளையாட்டு, இந்த வாரம் பேப்பர்ல படிச்ச ஒரு செய்தி, இப்படி ஏதாவது. பேர் கூப்பிட்டதும் அதுக்கு ஒரு வரி பதில் சொல்லிட்டு உட்கார்ந்துக்கணும்.

இதுல என்ன சூட்சுமம்னா, பேசாத பெண்ணுக்குப் பேச விருப்பமில்லைன்னு அர்த்தமில்ல, எப்ப ஆரம்பிக்கிறது, அடுத்தவங்க பேச்சுக்குள்ள எப்படி நுழையுறதுன்னு தெரியல, அவ்ளோதான். ரோல் கால்ல அந்தக் கஷ்டமே கிடையாது, முறை தானா வருது, என்ன சொல்லணும்னு ஒரு மாசம் முன்னாடியே தெரியும், சொல்லி முடிச்சதும் அடுத்த பேருக்குப் போயிடும். முதல் தடவை ஒருத்தங்க காலண்டர் தாளைக் கிழிச்சு அதுல எழுதிட்டு வந்து, பேர் வர்றதுக்குள்ள நாலு தடவை பிரிச்சுப் பார்த்து, மடிச்ச இடம் வேர்வையில நைஞ்சு போய், கடைசியில தாளைப் பார்க்காமலே கடகடன்னு சொல்லிட்டு உட்கார்ந்துடுவாங்க. அதைப் பார்த்து யாரும் சிரிக்கலைன்னா அடுத்த மாசம் அவங்களே ரெண்டு வரி சொல்லுவாங்க.

சில விஷயம் மட்டும் கவனிங்க. ஒவ்வொரு பதிலுக்கும் தலைவி விளக்கம் கொடுக்க ஆரம்பிச்சா எல்லாம் கெட்டுது, அது வகுப்பறை ஆயிடும். கைதட்டலும் வேணாம், ஒருத்தருக்கு ஜாஸ்தியும் இன்னொருத்தருக்குக் கம்மியும் விழுந்தா வீட்டுக்குப் போய் அதையே நினைச்சுட்டிருப்பாங்க. ஒண்ணும் கொண்டு வராதவங்க "இந்த மாசம் கேட்டுக்கிறேன்"னு சொல்லட்டும், ஆனா அதையாவது குரல் விட்டுச் சொல்லணும், தலையாட்டல் செல்லாது. பெரிய பேச்சாளர்தான் முதல்ல பேசணும்கிற பழக்கத்தையும் விடுங்க, பேர் வரிசையை ஒவ்வொரு மாசமும் வேற இடத்திலிருந்து ஆரம்பிங்க.

"எங்களுக்கு எழுதவே வராது"ங்கிறவங்களுக்கு வை.மு. கோதைநாயகி அம்மாளைப் பத்திச் சொல்லுங்க. எழுதப் பழகாத காலத்துலயே அவங்க வாயால சொல்லச் சொல்ல தோழி எழுதி எடுத்ததுதான் அவங்களோட முதல் நாடகம். அப்புறம் தானே எழுதக் கத்துக்கிட்டு, 1925லேர்ந்து ஜகன்மோகினி பத்திரிகையை நடத்தி, நூத்துக்கும் மேல நாவல் எழுதினாங்க. உங்க கூட்டத்துலயும் சொல்றவங்க ஒருத்தர், எழுதுறவங்க ஒருத்தர்னு ஜோடி போடலாம், தப்பே இல்ல.

எத்தனை பேர் இருந்தா சரியா இருக்கும்?

ஒரு வீட்டுக் கூடத்துல வட்டமா உட்கார முடியுற அளவு. அந்தக் கால கிளப்புகள் பலதும் வீடு வீடா மாறி மாறிக் கூடினதால உறுப்பினர் எண்ணிக்கைக்கு வரம்பு வச்சிருந்தாங்க. இருபத்தஞ்சைத் தாண்டினா ரோல் காலே முக்கால் மணி நேரம் ஓடும், ரெண்டாப் பிரிஞ்சுக்கங்க. பிரியுறப்போ சண்டை வரும், வரட்டும்.

எங்க சங்கத்துல படிக்கத் தெரியாதவங்களும் இருக்காங்க, அவங்கதான் ஒழுங்கா வர்றவங்களும். இலக்கியச் சங்கம்னு சொல்லிட்டு அவங்களை என்ன பண்றது, சங்கடமா இருக்கு.

இதுல என்ன சங்கடம்? படிச்சுக் காட்டுங்க. கியூபாவுல சுருட்டுத் தொழிற்சாலைகள்ல 1865லேர்ந்து வாசிப்பாளர்னு ஒருத்தர் உண்டு, ஹவானாவுல எல் ஃபிகாரோங்கிற தொழிற்சாலையில ஆரம்பிச்ச பழக்கம். தொழிலாளிங்க புகையிலை சுருட்டிட்டே இருப்பாங்க, உயரமான மேடையில உட்கார்ந்து ஒருத்தர் காலையில செய்தித்தாள், அப்புறம் நாவல்னு சத்தமாப் படிப்பார், அவருக்கான சம்பளத்தை அந்தக் காலத்துல தொழிலாளிகளே தங்களுக்குள்ள வசூல் பண்ணிக் கொடுத்தாங்க. மான்டிகிறிஸ்டோங்கிற சுருட்டுக்குப் பேரே அங்க விரும்பிக் கேட்ட நாவல்லேர்ந்து வந்ததுன்னு சொல்லுவாங்க. படிக்கத் தெரியாதவங்க இலக்கியம் கேட்கக் கூடாதுன்னு யார் சொன்னது?

கைவேலை இருந்தா கேட்கிறவங்களுக்கு இன்னும் சுலபம். தையலோ பின்னலோ கூடையோ கொண்டு வரச் சொல்லுங்க, கை ஓடிட்டு இருந்தா காது தானா நிக்கும், சும்மா உட்கார்ந்து கேட்டா தூக்கம்தான் வரும். படிக்கிறவங்களுக்கு ஒண்ணு: ஒரே குரல் அரை மணி நேரத்துக்கு மேல வேணாம், ரெண்டு பேர் மாத்தி மாத்திப் படிங்க. முதல் நாளே வீட்டுல ஒரு தடவை வாய்விட்டுப் படிச்சுப் பார்த்துட்டு வாங்க, திக்குற இடமெல்லாம் அப்பவே தெரிஞ்சிடும். நாவலா இருந்தா நல்ல இடத்துல நிறுத்திடுங்க, அடுத்து என்ன ஆச்சுன்னு தெரியறதுக்காகவே அடுத்த மாசம் வருவாங்க, பத்திரிகைத் தொடர்கதைக்காரங்க பிழைச்சதே இப்படித்தானே.

படிச்சு முடிச்சதும் "கதையின் கருத்து என்ன"ன்னு கேட்காதீங்க. எல்லாரும் வாயை மூடிக்குவாங்க. "அவ அந்த வீட்டை விட்டு வந்தது சரியா தப்பா"ன்னு கேளுங்க, அப்புறம் உங்களால நிறுத்த முடியாது.

ஒரே அம்மாதான் பல வருஷமா தலைவி. நல்லவங்கதான், ஆனா எல்லாம் அவங்க சொல்றதுதான். சொல்லவும் முடியல மெல்லவும் முடியல.

அவங்க நல்லவங்களா இல்லையாங்கிறதே இங்க பிரச்சனை இல்ல, விதி இல்லாததுதான் பிரச்சனை. 1863ல அமெரிக்காவுல ஹென்றி மார்ட்டின் ராபர்ட்னு ஒரு ராணுவப் பொறியாளரை ஒரு சர்ச் கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொன்னாங்க, அவருக்கு எப்படி நடத்துறதுன்னே தெரியல, கூட்டம் கலாட்டாவாப் போச்சு. அந்த அவமானத்துல படிச்சு ஆராய்ஞ்சு 1876ல கூட்ட நடைமுறை பத்தி ஒரு கையேடு போட்டார், பிற்பாடு ஊர் ஊரா பெண்கள் கிளப்புகள்லாம் அதை வச்சுத்தான் கூட்டம் நடத்தினாங்க. ஒரு நேரத்துல ஒரு விஷயம், ஒருத்தர் முன்மொழியணும் இன்னொருத்தர் வழிமொழியணும், எல்லாரும் ஒரு தடவை பேசுற வரைக்கும் யாரும் ரெண்டாம் தடவை பேசக் கூடாது, இந்த மூணு மட்டும் எடுத்துக்கிட்டாலே போதும், முழுப் புத்தகமும் நமக்கு வேணாம்.

பதவிக்கு ஒரு வருஷம்னு எழுதி வச்சிடுங்க. ரெண்டு தடவைக்கு மேல ஒரே ஆள் கூடாது, ரகசிய ஓட்டு. இப்போதைய தலைவியைக் கழட்டி விடுறதுக்காகன்னு தெரியாம இருக்கணும்னா, விதி அடுத்த வருஷத்திலிருந்து அமலுக்கு வரும்னு போட்டு, முன்மொழியுறதையும் அவங்களையே பண்ணச் சொல்லுங்க. பெரும்பாலும் ஒத்துக்குவாங்க, சொல்லப்போனா அவங்களுக்கும் அலுத்துப் போயிருக்கும், விட்டா யார் பார்ப்பாங்கன்னு பயந்துட்டுத்தான் பிடிச்சுட்டிருப்பாங்க.

கூட்டக் குறிப்பு நோட்டு கண்டிப்பா வேணும். யார் என்ன சொன்னாங்கன்னு முழு வசனமும் எழுத வேணாம், என்ன முடிவாச்சு, யார் செய்றதா ஒத்துக்கிட்டாங்க, எந்தத் தேதிக்குள்ள, இது மூணும் இருந்தா போதும். அடுத்த கூட்டத்துல முதல் வேலையா அதைப் படிக்கணும். "நான் அப்படிச் சொல்லவே இல்லையே"ங்கிற வழக்கு இதோட முடிஞ்சுது.

தீனியில போட்டி வந்துடுச்சு. ஒரு வீட்டுல ரெண்டு அயிட்டம் போட்டா அடுத்த வீட்டுல அஞ்சு. வசதி இல்லாதவங்க எங்க வீட்டுல கூட்டம் வேணாம்னு ஒதுங்குறாங்க.

உடனே விதி போடுங்க. குடிக்க ஒண்ணு, கடிக்க ஒண்ணு, மீறினா அபராதம். விளையாட்டுக்குச் சொல்லல, சங்கம் உடையுறது பெரும்பாலும் இந்த மாதிரி விஷயத்துலதான், புத்தகத்துக்காக யாரும் சண்டை போட்டு வெளிய போனதா நான் கேள்விப்பட்டதில்ல.

"பொம்பளைங்க கூடி என்னத்தைப் பேசிக் கிழிக்கப் போறீங்க"ன்னு வீட்டுல கேட்கிறார். என்ன பதில் சொல்லட்டும் மேடம்?

உங்க கடிதத்தை முழுசாப் படிச்சேன். அவருக்குக் கனடாக் கதையைச் சொல்லுங்க. அடிலெய்ட் ஹூட்லெஸ்னு ஒரு அம்மா, 1889ல அவங்க கைக்குழந்தை இறந்துபோச்சு, கெட்டுப்போன பால்தான் காரணம்னு சொல்லுவாங்க. வீட்டை நடத்துறதுக்கும் படிப்பு வேணும்னு அதுக்கப்புறம் ஊர் ஊராப் பேச ஆரம்பிச்சாங்க. பண்ணைக்கார ஆம்பளைங்களுக்கு மட்டும் சங்கம் இருந்த காலம் அது. இந்தம்மா பேசினதைக் கேட்டு, தன் ஊருக்கு வந்து பேசுங்கன்னு கூப்பிட்டது எர்லண்ட் லீங்கிற ஒரு விவசாயி, அதாவது ஒரு ஆம்பளை. 1897 பிப்ரவரி 19, ஒன்டாரியோவுல ஸ்டோனி கிரீக்னு ஒரு ஊர்ல நூத்தியொரு பெண்கள் கூடினாங்க, அந்த அறையில இருந்த ஒரே ஆம்பளை இந்த லீதான். சங்கத்தோட விதிமுறைகளை அவர் மனைவி ஜேனட் லீ அவங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில உட்கார்ந்து எழுதினாங்க. விமன்ஸ் இன்ஸ்டிட்யூட்னு உலகம் பூரா பரவினது அதுதான், 1915 செப்டம்பர்ல வேல்ஸ்ல ஒரு கிராமத்துக்குப் போய் அங்கிருந்து இங்கிலாந்து முழுக்க போச்சு. ஹூட்லெஸ் அம்மா 1910ல மேடையில பேசிட்டிருக்கும்போதே இறந்துட்டாங்க, கடைசி மூச்சு வரைக்கும்னு சும்மா சொல்லுவோமே, இவங்க நிஜமாவே அப்படி.

வீட்டுக்காரருக்கு இது பத்தலைன்னா, லீ மாதிரி ஒரு நாள் வந்து உட்கார்ந்து கேட்கச் சொல்லுங்க. ரோல் கால்ல அவர் பேரும் வரும்னு முன்னாடியே சொல்லிடுங்க.

அரசியல், மதம் பேசலாமா?

கட்சியும் மதமும் வேணாம். இங்கிலாந்து இன்ஸ்டிட்யூட்டும் எந்தக் கட்சியையும் எந்த மதப் பிரிவையும் சாராதுன்னுதான் விதி வச்சுது, பண்ணை முதலாளியம்மாவும் வேலைக்காரம்மாவும் ஒரே பெஞ்சுல உட்காரணும்னா வேற வழி இல்ல. ஆனா ஊர் விஷயம் பேசாதீங்கன்னு இதுக்கு அர்த்தம் எடுத்துக்காதீங்க. ரோட்டோரக் குப்பைக்கு எதிரா அவங்க 1954ல போட்ட ஒரு தீர்மானத்துலேர்ந்துதான் கீப் பிரிட்டன் டைடிங்கிற நாடளாவிய இயக்கமே பிறந்துச்சு. யாருக்கு ஓட்டுங்கிறதை வெளிய விட்டுட்டு வாங்க, தெருக்குழாய்ல ஏன் தண்ணி வரலைங்கிறதை உள்ள கொண்டு வாங்க.

நீங்க சொல்ற உதாரணமெல்லாம் வெள்ளைக்காரங்க சமாச்சாரமாவே இருக்கே. நம்ம பக்கம் இப்படி எதுவும் இல்லையா? (ஓய்வு பெற்ற ஆசிரியை)

டீச்சர், இருக்கு. 1917லயே சென்னை அடையாறுல இந்தியப் பெண்கள் சங்கம் ஆரம்பிச்சாச்சு, ஸ்திரீ தர்மான்னு பத்திரிகையும் நடத்தினாங்க. ஆனா அது பெரும்பாலும் படிச்ச நகரத்துப் பெண்களோடது. நீங்க கேட்கிற கிராமத்துச் சங்கத்துக்குக் கிட்ட வர்றது இலங்கையில 1930ல ஆரம்பிச்ச லங்கா மகிளா சமிதி. ஆரம்பிச்சவங்க டாக்டர் மேரி ரட்ணம், கனடாவுல பிறந்தவங்க, இலங்கைத் தமிழர் ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு அங்கேயே வாழ்ந்து வைத்தியம் பார்த்தவங்க. தன் பிறந்த நாட்டு இன்ஸ்டிட்யூட்டோட அமைப்பை எடுத்துட்டு வந்து கிராமப் பெண்களுக்குத் தகுந்த மாதிரி மாத்தினாங்க, சுகாதாரம், தையல், வீட்டுத் தோட்டம், எழுத்தறிவுன்னு. 1937ல கொழும்பு மாநகர சபைக்கும் தேர்வானாங்க, 1958ல மகசேசே விருது வந்துச்சு. நம்ம பாடப்புத்தகத்துல இவங்க பேர் ஏன் இல்லைங்கிறது எனக்கு இன்னும் புரியாத விஷயம். அடுத்த ரோல் காலுக்கு "நமக்குத் தெரியாமப் போன ஒரு பெண்"ணுன்னு தலைப்பு வச்சுப் பாருங்க டீச்சர், இவங்களை நீங்க எடுத்துக்கங்க.

புத்தகம் வாங்கக் காசில்ல, பக்கத்துல நூலகமும் இல்ல. வாசிப்பு இல்லாம இலக்கியச் சங்கம் நடத்த முடியுமா?

முடியும், எழுதுங்க. ஒன்டாரியோ கிராமங்கள்ல 1940கள்லேர்ந்து இன்ஸ்டிட்யூட் பெண்கள் தங்க ஊர் வரலாற்றைத் தாங்களே தொகுத்து வச்சாங்க, ட்வீட்ஸ்முயர் வரலாற்றுப் புத்தகம்னு பேர், கவர்னர் ஜெனரலா இருந்தவரோட மனைவி ட்வீட்ஸ்முயர் சீமாட்டி கொடுத்த ஊக்கத்துல வந்தது. இங்கிலாந்துலயும் 1965ல பொன்விழா வருஷம்னு ஒவ்வொரு கிராமத்துச் சங்கமும் அந்த வருஷம் ஊர் எப்படி இருந்துச்சுன்னு ஸ்கிராப்புக் போட்டாங்க, கடை பில், பஸ் டைம் டேபிள், துணித் துண்டு, போட்டோன்னு ஒட்டி. அன்னிக்கு வெறும் காகிதம், இன்னிக்கு ஆவணக் காப்பகங்கள்ல வச்சிருக்காங்க, ஆராய்ச்சி பண்றவங்க தேடிப் போய்ப் பார்க்கிறாங்க.

நீங்க ஊர்க் கிணறுகள்லேர்ந்து ஆரம்பிக்கலாம், இல்ல ஊருக்கு முதல்ல பஸ் வந்த நாள், முதல்ல பள்ளிக்கூடம் போன பொண்ணு, மூடிப்போன கடைகள், எதுவா இருந்தாலும் சரி. மாசம் ஒரு பாட்டியைக் கூப்பிட்டு உட்கார வைங்க, ஒருத்தர் கேட்கட்டும் ஒருத்தர் எழுதட்டும், போன்ல ரெக்கார்டும் பண்ணிக்கங்க. "அந்தக் காலம் எப்படி இருந்துச்சு"ன்னு கேட்டா "நல்லா இருந்துச்சு"ன்னு முடிச்சுடுவாங்க, "உங்க கல்யாணத்துக்கு எதுல ஏறிப் போனீங்க"ன்னு கேளுங்க. பாட்டி சொன்னதைத் திருத்தாதீங்க, ரெண்டு பாட்டி ரெண்டு விதமாச் சொன்னா ரெண்டையும் எழுதி யார் சொன்னதுன்னு பக்கத்துல போடுங்க, தேதியும் போடுங்க. பழைய போட்டோ கிடைச்சா பின்பக்கம் மெதுவா பென்சில்ல இடமிருந்து வலமா பேர் எழுதி வைங்க, பேனா வேணாம், மை முன்பக்கம் ஊறிடும். ஸ்கெட்ச் பேனாவும் செல்லோ டேப்பும் நோட்டுக்குக் கிட்டயே வர வேணாம், டேப் கொஞ்ச வருஷத்துல பழுப்பாகி ஒட்டின இடத்தையே தின்னுடும். முழு நோட்டும் முடிஞ்சதும் ஒரு காப்பி எடுத்து வேற வீட்டுல வைங்க, ரெண்டும் தலைவி வீட்டு பீரோவுல இருக்கக் கூடாது.